கையசைக்க விடாத வண்டி

"குறுக்கால வெட்றான் பாரு, நடீன். குறுக்கால!"

"பார்த்துட்டுதான் இருக்கேன். போன வாரமும் குறுக்காலதான் வெட்டினான். நீ காப்பியைக் குடி, ஆறிப்போகுது."

"முப்பது வருஷமா ரோட்டைப் பார்த்து நேரா வெட்டுப்பட்ட புல்லு அது. அதுக்கு எப்படி இருக்கும்?"

"எதுக்கு, புல்லுக்கா?"

"ஆமா, புல்லுக்குத்தான்."

"புல்லுக்கு ஒண்ணும் இருக்காது, ராய்ஸ். உனக்குத்தான் எரியுது. அந்தக் காலைக் கீழ இறக்காத. டாக்டர் தூக்கி வைக்கச் சொன்னாருல்ல?"

ராய்ஸ் ஹாகடோர்ன் இறக்கிய காலை மறுபடியும் எதிர் நாற்காலியின் மேல் வைத்தார். சமையலறை ஜன்னலுக்கு வெளியே, வெயில் ஏறிய புல்தரையின் ஒரு மூலையிலிருந்து எதிர் மூலைக்கு, பக்கத்து வீட்டு டென்சில் தன் ஆரஞ்சு நிறப் புல்வெட்டும் வண்டியில் உட்கார்ந்து போய்க்கொண்டிருந்தான். வண்டி கடைசிவரை போனது, நின்ற இடத்திலேயே பம்பரம் போல ஒரு சுற்று சுற்றியது, திரும்பி வந்தது. அதன் பின்னால் வெளிர்பச்சையில் ஒரு பட்டை, அதையொட்டிக் கரும்பச்சையில் ஒரு பட்டை. அழகாகத்தான் இருந்தது. அதுதான் ராய்ஸுக்குப் பொறுக்கவில்லை.

மார்ச் மாதக் கடைசியில் ராய்ஸுக்கு இடது முழங்கால் மூட்டை மாற்றினார்கள். ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்த அன்றே புல் வெட்டியிருந்தது. அமெரிக்காவில், தெற்கு இண்டியானாவின் அந்தப் பக்கத்தில் இதை யாரும் கேட்டுச் செய்வதில்லை, யாரும் அனுமதி கொடுப்பதுமில்லை. ஒருவர் படுத்துவிட்டால் பக்கத்து வீட்டுக்காரன் தன் வண்டியை ஓட்டிக்கொண்டு வந்து அவர் புல்லை வெட்டிவிட்டுப் போவான். கூலி என்று வாயைத் திறந்தால் சண்டைக்கு வந்துவிடுவான். பதிலுக்கு ஏதாவது சமைத்துக் கொடுக்கலாம். போதும் என்று மட்டும் சொல்லக் கூடாது. நல்லது செய்கிறவனை நிறுத்தச் சொல்ல அந்த ஊரில் இன்னும் யாரும் வார்த்தை கண்டுபிடிக்கவில்லை. படுத்தவர் எழுந்து தன் புல்லைத் தானே வெட்ட ஆரம்பிக்கும் நாளில் அது தானாக நிற்கும். அதுவரை வாயை மூடிக்கொண்டு நன்றி சொல்ல வேண்டியதுதான்.

ராய்ஸ் வாயை மூடிக்கொண்டு நன்றி சொல்லிக்கொண்டிருந்தார். ஏப்ரல் போனது, மே போனது, ஜூன் வந்தது. ஒவ்வொரு ஞாயிறும் தேவாலய வாசலில் யாராவது அவர் தோளைத் தட்டுவார்கள். "ராய்ஸ், உன் புல்லு இந்த வருஷம் கம்பளம் விரிச்ச மாதிரி இருக்கேப்பா!" உடனே அவர், பல் பிடுங்க வாயைத் திறப்பதுபோலத் திறந்து, "டென்சில் வெட்றது" என்பார். "அதானே பார்த்தேன்," என்று சொல்லிவிட்டு அவர்கள் நகர்ந்து போவார்கள். அந்த 'அதானே' வீடு வரைக்கும் கூடவே வரும்.

இதற்கெல்லாம் மேலே அந்தப் புட்டிங். அக்டோபர் மாதம் பெர்சிமன் மரத்தடியில் உதிர்ந்து கிடக்கும் ஆரஞ்சு நிற இனிப்புப் பழங்களை ராய்ஸ் குனிந்து குனிந்து பொறுக்குவார். நடீன் அதைக் கூழாக்கி, நவம்பர் கடைசியில் வரும் நன்றி நாள் விருந்துக்கென்று உறையவைப்பாள். அந்தக் கூழ் இப்போது டென்சில் புல் வெட்டும் வியாழக்கிழமைதோறும் புட்டிங்காகி, கண்ணாடிப் பாத்திரத்தில், துணி போர்த்திக்கொண்டு டென்சில் வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது.

"கூழு இன்னும் எத்தனை டப்பா இருக்கு?" என்று கேட்டார் ராய்ஸ்.

"அதை ஏன் கேக்கற?"

"சும்மாதான்."

"நன்றி நாளுக்கு ஆப்பிள் பண்ணிக்கலாம்," என்றாள் நடீன், அவர் முகத்தைப் பார்க்காமல்.

வெளியே டென்சில் ஜன்னலைக் கடந்து போனான். ராய்ஸ் கையைத் தூக்கினார். டென்சில் கையைத் தூக்கவில்லை. தொப்பியின் முனை ஒரு விரற்கடை இறங்குகிற அளவுக்குத் தலையை அசைத்துவிட்டுப் போனான்.

"பார்த்தியா? ராஜா தலையாட்டிட்டுப் போறாரு."

அந்தச் சாலையில் எவர் வந்தாலும் கை தூக்க வேண்டும். தெரிந்தவரோ தெரியாதவரோ, குறைந்தபட்சம் ஸ்டீயரிங்கிலிருந்து ஒரு விரலாவது எழ வேண்டும். அவசரமாக ஆம்புலன்ஸ் ஓட்டிக்கொண்டு போகிறவனே தூக்குவான். டென்சிலும் ஒரு காலத்தில் கையைத் தூக்கியவன்தான். நெடுந்தூர லாரி ஓட்டி ஓய்வு பெற்றவன், கை தூக்குவதில் குறை வைக்காதவன். இரண்டு வருஷத்துக்கு முன்னால் இந்த வண்டியை வாங்கினான். அதோடு கை தூக்குவது நின்றது. வண்டியில் ஏறினால் வெறும் தலையாட்டல்தான். ராய்ஸ் அதை யாரிடமும் சொல்லவில்லை, நடீனிடம் மட்டும் வாரத்துக்கு ஒருமுறை சொன்னார்.

காப்பியைக் கீழே வைத்தார். "நானும் ஒண்ணு வாங்கப் போறேன்."

"எதை?"

"அந்த மாதிரி வண்டி. ஜீரோ டர்ன்."

நடீன் திரும்பி நின்றாள். பாத்திரம் துடைக்கும் துணி அவள் கையில் அப்படியே இருந்தது. "ஸ்டீயரிங் இல்லாத வண்டியும் ஒரு வண்டியானு தீவனக் கடையில நின்னு பிரசங்கம் பண்ணினது யாரு? அத்தனை பேரும் கேட்டாங்களே!"

"அப்போ எனக்கு முழங்கால் இருந்துச்சு."

அதில் நியாயம் இருந்தது. கொட்டகையில் நிற்கும் அவருடைய பழைய வண்டிக்கு இடது காலால் பெடலை மிதிக்க வேண்டும். அதைத்தான் டாக்டர் கூடாது என்றிருந்தார். உட்காரலாம், கையால் எதை வேண்டுமானாலும் இழுக்கலாம், தள்ளலாம். ஜீரோ டர்னில் காலுக்கு வேலையே கிடையாது. இரண்டு கைக்கு இரண்டு லீவர், அவ்வளவுதான்.

"டென்சில்கிட்ட என்ன சொல்லுவ?"

"எதுக்குச் சொல்லணும்? வண்டியைப் பார்த்தா அவனே புரிஞ்சுக்குவான்."

"சரி. கடைக்கு நானும் வரேன்," என்றாள் நடீன். "உன்னைத் தனியா விட்டா டென்சிலோடதைவிடப் பெருசா ஒண்ணைத் தூக்கிட்டு வருவ."

ராய்ஸ் சரியாக அதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தார்.

சனிக்கிழமை கடைக்குப் போனார்கள். நெடுஞ்சாலை ஓரத்தில், முன்னால் பெரிய தார் முற்றத்தோடு இருந்தது கடை. முற்றத்தில் வண்டிகள் சிவப்பும் பச்சையும் ஆரஞ்சுமாக வரிசையில் நின்றன. எல்லாவற்றுக்கும் மூக்கை ரோட்டுப் பக்கம் திருப்பி வைத்திருந்தார்கள், கட்டி வைத்த குதிரைகள் மாதிரி. கடையை நடத்துகிற ரோண்டா சிறுபிள்ளையாக இருந்தபோது பள்ளிக்கூடப் பஸ்ஸில் நடீனுக்குப் பின் சீட்டில் உட்கார்ந்து போனவள். அந்தப் பஸ்ஸை இருபது வருஷம் ஓட்டியவள் நடீன்.

"மிஸ் நடீன்! வாங்க, வாங்க. ராய்ஸ், கால் எப்படி இருக்கு? வலி குறைஞ்சுதா?"

"வலியெல்லாம் ஒண்ணுமில்ல," என்றார் ராய்ஸ். அவர் கண் ஏற்கெனவே ஆரஞ்சு நிறத்தில் போய் உட்கார்ந்துவிட்டது. டென்சிலுடையதே போல ஒன்று. அடியில் கத்தி சுழலும் அகன்ற வெட்டுத் தட்டு, அறுபது அங்குலம். அதற்குப் பக்கத்தில் அதைவிடவும் பெரிதாக இன்னொன்று, விளையாட்டு மைதானம் வெட்டுகிறவர்கள் வாங்குவது. ராய்ஸ் அதன் பின்சக்கரத்தின் மேல் கையை வைத்தார். குதிரை வாங்கப் போகிறவன் அதன் தொடையைத் தட்டுவானே, அப்படி.

"உங்க புல்லு எவ்வளவு இருக்கும்?" என்று கேட்டாள் ரோண்டா.

"மூணு ஏக்கர்."

"ஒண்ணரை," என்றாள் நடீன்.

"ஓடைக்கரையையும் சேர்த்தா..."

"ஓடையையே சேர்த்தாலும் ஒண்ணரைதான்."

ரோண்டா சிரிப்பை உதட்டுக்குள் மடித்து வைத்துக்கொண்டாள். "இங்க வர்ற ஆம்பளைங்க எல்லாருக்கும் நிலம் வாசல்லயே வளர்ந்துடுது மிஸ் நடீன், நான் பார்த்துக்கிட்டுதானே இருக்கேன். சரி, மரம் இருக்கா? மேடு பள்ளம்? பின்பக்கம் வேலி, கதவு ஏதாவது?"

"அந்தக் கதவு எல்லாம் பெருசுதான்," என்றார் ராய்ஸ் அவசரமாக.

நடீன் கைப்பையைத் திறந்து தையல் டேப்பை எடுத்தாள். அதைப் பிரித்து, ஐம்பது என்று எழுதிய இடத்தில் கட்டைவிரலை வைத்து ரோண்டாவிடம் காட்டினாள். காலையில் அவர் சவரம் செய்துகொண்டிருந்தபோது பின்கதவை அளந்திருக்கிறாள். ராய்ஸ் மைதான வண்டியின் சக்கரத்திலிருந்து கையை எடுத்துக்கொண்டார்.

"அப்ப இதுதான் சரி." ரோண்டா கடைசி வரிசையில் நின்ற ஒரு கருஞ்சிவப்பு வண்டியிடம் அவர்களைக் கூட்டிப்போனாள். "நாப்பத்தெட்டு அங்குலம். கதவுக்குள்ள நோகாம போகும். மரத்தைச் சுத்தி வர்றதுக்கும் இதான் லாயக்கு."

"டென்சிலோடது அறுபது," என்றார் ராய்ஸ்.

"நீ என்ன, அவனோட ரேஸா ஓட்டப் போற?" என்றாள் நடீன்.

அப்படித்தான் அவர் மனதுக்குள் ஓடிக்கொண்டிருந்தது என்பதை எப்படிச் சொல்வது? ஒரு வியாழக்கிழமை காலை டென்சில் எல்லையைத் தாண்டி வருகிறான். ஹாகடோர்ன் வீட்டுப் புல் முழுக்க ஏற்கெனவே வெட்டியாகிவிட்டது. கோடுகள் எல்லாம் ரோட்டைப் பார்த்து, நூல் பிடித்ததுபோல நேராக. நடுவில் ராய்ஸ் ஒரு பெரிய வண்டியின் மேல், மிகப் பெரிய வண்டியின் மேல் உட்கார்ந்திருக்கிறார். தூங்கப் போகுமுன் அவர் கடந்த இரண்டு ராத்திரியாகப் பார்த்துவந்த காட்சி அது. அதில் வண்டி நாற்பத்தெட்டு அங்குலமாக ஒருநாளும் இருந்ததில்லை.

"ஏறி உக்காருங்க. ஓட்டிப் பார்க்காம என்னத்தைச் சொல்றது?" என்றாள் ரோண்டா.

ஏறி உட்கார்ந்தார். சீட்டுக்கு அடியில் ஏதோ ஸ்பிரிங் இருந்தது. பிட்டத்தை யாரோ மரியாதையாக உள்ளங்கையில் வாங்கிக்கொண்டதுபோல இருந்தது. முழங்காலுக்கு ஒரு சின்ன இடிகூட இல்லை. அவர் அதை முகத்தில் காட்டிக்கொள்ளவில்லை.

"ரெண்டு லீவரையும் முன்னால தள்ளினா முன்னால போகும். இழுத்தா பின்னால வரும். நடுவுல விட்டா நிக்கும். ஒண்ணை மட்டும் தள்ளினா திரும்பும். முட்டையைப் பிடிக்கிற மாதிரி பிடிங்க, ராய்ஸ். மாட்டுக் கொம்பைப் பிடிக்கிற மாதிரி பிடிக்காதீங்க."

முதலில் மாட்டுக் கொம்பைப் பிடிப்பது போலத்தான் பிடித்தார். வண்டி துள்ளியது, நின்றது, பின்னால் வந்தது, குடித்துவிட்டு வீடு தேடுகிறவன்போல முற்றத்தில் அங்கும் இங்கும் அலைந்தது. நடீன் ஒரு புல் விதை மூட்டையின் மேல் வசதியாக உட்கார்ந்துகொண்டாள். மெல்ல மெல்ல அவர் விரல்கள் இளகின. இடது கை சொன்னதை இடது சக்கரம் கேட்டது, வலது கை சொன்னதை வலது சக்கரம். நேராகப் போனது. ஒரு லீவரை முன்னால், ஒன்றைப் பின்னால். வண்டி நின்ற இடத்தில் சுழன்றது. வானமும் கடையும் நடீனும் நெடுஞ்சாலையும் ஒரு சுற்றுச் சுற்றி வந்து பழைய இடத்திலேயே நின்றன. ராய்ஸுக்குத் தொண்டையிலிருந்து ஒரு சத்தம் வந்தது. அறுபத்தாறு வயதில் வரக்கூடாத சத்தம்.

"இன்னொரு தடவை சுத்தறேன்," என்று கத்தினார்.

"ராட்டினத்துக்கு டிக்கெட் வாங்கிட்டு வரவா?" என்று கத்தினாள் நடீன்.

முற்றத்தின் கோடிக்குப் போய், திரும்பி, ரோட்டை ஒட்டி முழு வேகத்தில் வந்துகொண்டிருந்தார். அப்போது நெடுஞ்சாலையில் ஒரு பிக்கப் வண்டி வேகம் குறைத்தது. மார்வின் டீக், பள்ளிக்கூடக் கூடைப்பந்துக் கோச். ஹாரனை ஒருமுறை அழுத்தி, ஜன்னல் வழியாகக் கையை நீட்டி ஆட்டினார்.

ராய்ஸின் வலது கை எழுந்தது. அவர் எழுப்பவில்லை. அந்த மாவட்டத்தில் பிறந்த எவனுடைய கையும் அந்த இடத்தில் எழாமல் இருக்காது. கை லீவரை விட்டதும் லீவர் நடுவுக்கு வந்தது. வலது சக்கரம் நின்றது. இடது சக்கரம் ஓடிக்கொண்டே இருந்தது. கையை உயர்த்திய நிலையில், முகத்தில் சிரிப்போடு, கோச்சுக்கு வணக்கம் வைத்துக்கொண்டே ராய்ஸ் ஹாகடோர்ன் வலது பக்கம் ஒடிந்து திரும்பி, அங்கே அடுக்கியிருந்த மரச்செதில் மூட்டைகளுக்குள் மூக்கு வரை புகுந்தார்.

ஒரு மூட்டை கிழிந்து சிவப்புச் செதில்கள் தொப்பியின் மேல் கொட்டின.

"கால்!" என்று எழுந்து ஓடி வந்தாள் நடீன்.

"கால் நல்லாத்தான் இருக்கு. மானம்தான் போச்சு."

ரோண்டா நடந்துதான் வந்தாள். "அந்த மூட்டையெல்லாம் எதுக்கு அந்த இடத்துல அடுக்கி வச்சிருக்கேன்னு நினைச்சீங்க? வாரத்துக்கு ரெண்டு பேரு. யாராவது ரோட்டுல போவாங்க, இவங்களும் கையைத் தூக்குவாங்க. போன மாசம் நம்ம பாதிரியாரு."

"பாதிரியாருமா?"

"ரெண்டு கையையும் தூக்கிட்டாரு. நல்லவேளை, வண்டி அப்படியே நின்னுடுச்சு."

நடீன் விழுந்து விழுந்து சிரித்தாள். மூட்டையைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். ராய்ஸ் சிரிக்கவில்லை. தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, அதிலிருந்த செதில்களை ஒவ்வொன்றாக எடுத்தபடி யோசித்தார்.

"அப்ப அவனாலயும் தூக்க முடியாது," என்றார்.

"யாரால?"

"டென்சிலால. அதான் தலையை ஆட்றான்."

நடீன் சிரிப்பை நிறுத்தி அவரைப் பார்த்தாள். இரண்டு வருஷமாக, பழைய கோட்டுப் பையில் இருக்கும் கூழாங்கல்லைத் தடவிப் பார்ப்பதுபோல, அவர் அடிக்கடி தடவிப் பார்த்துக்கொண்டிருந்த ஒரு மனத்தாங்கல் அது. இப்போது பைக்குள் கையை விட்டால் ஒன்றுமில்லை. இது அவருக்கு நிம்மதியாக இல்லை, ஏதோ தொலைந்ததுபோல இருந்தது. நல்லவேளை, குறுக்குக் கோடு இன்னும் மிச்சம் இருந்தது. அதற்கு எந்த லீவரும் காரணம் சொல்ல முடியாது. புட்டிங்கும் இருந்தது.

"நாப்பத்தெட்டையே எடுத்துக்கறோம்," என்றார் ரோண்டாவிடம். "ஆனா இந்த சீட்டு அதுலேயே வரணும்."

"அதுலேயே வரும்."

"கிழிஞ்ச மூட்டையும் எங்க கணக்குலதான்," என்றாள் நடீன். "ரோஜாச் செடிக்குப் போட்டுக்கறேன்."

புதன்கிழமை சாயங்காலம் வண்டி வந்து இறங்கியது. ராய்ஸ் அதைக் கொட்டகைக்குள் விடவில்லை. முன்புறத்தில், டென்சில் வீட்டுச் சமையலறை ஜன்னலுக்கு நேர் எதிரே, அதன் மூக்கு அந்த வீட்டைப் பார்க்கிற மாதிரி நிறுத்தினார். கொஞ்ச தூரம் போய் நின்று பார்த்தார். திரும்பி வந்து இன்னும் கொஞ்சம் முன்னால் நகர்த்தினார்.

"ஒரு போன் பண்ணிச் சொல்லிடேன்," என்றாள் நடீன் வாசலிலிருந்து. "மனுஷன் இத்தனை நாள் வெட்டிக் கொடுத்திருக்கான்."

"போன்ல என்னன்னு சொல்றது? 'இனிமே வராத'ன்னா?"

"'ரொம்ப நன்றி, இனிமே நான் பார்த்துக்கறேன்'னு சொல்லு. வாய் சுளுக்கிக்காது."

"நாளைக்கு நேர்ல பார்த்துச் சொல்றேன்."

மறுநாள் காலை அவர் பனி காயும்வரை காத்திருக்க வேண்டும். ஈரப் புல்லை வெட்டக்கூடாது, வெட்டினால் கட்டி கட்டியாக விழும், தட்டுக்கு அடியில் அப்பிக்கொள்ளும். முப்பது வருஷமாக இதை அந்தச் சாலைக்கே சொல்லிக்கொடுத்தவர் அவர்தான். புதிதாகக் குடிவந்த ஓர் இளைஞன் ஒருமுறை காலை எட்டு மணிக்கு வெட்ட ஆரம்பித்தபோது நடந்தே போய் அவன் வண்டியை நிறுத்தச் சொன்னவர். அதனால் ஒன்பதரை மணிக்கு வண்டியைக் கிளப்பியபோது அவருக்கு உள்ளூரக் கூச்சமாகத்தான் இருந்தது. ஆனால் டென்சில் பத்து மணிக்கு வந்துவிடுவான்.

"புல்லு இன்னும் ஈரமா இருக்கே!" என்று வாசலில் காப்பிக் கோப்பையோடு நின்று கத்தினாள் நடீன். "யாரோ ஒரு பெரிய மனுஷன் இதைப் பத்தி ஏதோ சொல்லுவாரே, என்னமோ சொல்லுவாரு, மறந்துபோச்சு!"

கேட்காத மாதிரி இருந்துவிட்டார்.

முதல் கோடு கொஞ்சம் வளைந்தது. இரண்டாவது அதைத் திருத்தியது. மூன்றாவது நேராக, வீட்டு வாசலிலிருந்து ரோடு வரை, அவர் கண் போன வழியிலேயே போனது. ஈரப்புல் கட்டி கட்டியாக விழத்தான் செய்தது, ஆனால் அந்த வாசனை. மூன்று மாதமாக ஜன்னல் இடுக்கு வழியாக இரவல் வாங்கி முகர்ந்த வாசனை இப்போது அவர் சட்டைக்குள், காதுக்குள், வாய்க்குள் எல்லாம் இருந்தது. ராபின் பறவை ஒன்று பின்னாலேயே வந்து புழு பொறுக்கியது. ரோட்டில் தபால்காரப் பெண் போனாள், கையைத் தூக்கினாள். ராய்ஸ் தலையை அசைத்தார். அவ்வளவு ஒன்றும் திமிராகத் தெரியாது என்று தோன்றியது. கோடியில் வண்டி சுழன்றபோது அந்தச் சத்தம் மறுபடியும் தொண்டையிலிருந்து வந்தது. யாரும் கேட்கவில்லை.

ஏழாவதோ எட்டாவதோ கோட்டில் இருந்தபோது டென்சில் வந்தான்.

எல்லையைத் தாண்டி மெதுவாக, கத்தியை ஓடவிடாமல், ஆரஞ்சு வண்டியில் வந்தான். மடியில் நடீனின் கண்ணாடிப் பாத்திரம். அதைக் காலியாகத் திருப்பித் தரக்கூடாது என்று அதில் தக்காளி நிரப்பியிருந்தான். ராய்ஸின் வண்டிக்குப் பத்தடி தள்ளி நிறுத்தினான். இரண்டு இஞ்சினும் ஒன்றன்பின் ஒன்றாக அடங்கின. திடீரென்று பறவைகளின் சத்தம் மட்டும் இருந்தது.

"வாங்கிட்ட போல," என்றான் டென்சில்.

"வாங்கிட்டேன்."

"நேத்தே பார்த்தேன். பார்க்காம இருக்க முடியல." டென்சில் இறங்கி வந்து வண்டியை ஒரு சுற்றுச் சுற்றினான். குனிந்து தட்டைப் பார்த்தான், சீட்டை உள்ளங்கையால் அழுத்தினான், சின்னச் சக்கரத்தை ஷூ முனையால் தட்டினான். "நாப்பத்தெட்டா?"

"நாப்பத்தெட்டு."

"பின்கதவுக்குள்ள போயிடும்."

"போயிடும்."

"நல்ல சீட்டு." அவன் நிமிர்ந்து புல்தரையைப் பார்த்தான். ரோடு வரை போகும் கோடுகளை ஒவ்வொன்றாகப் பார்த்தான். "நேரா வெட்டியிருக்க. நல்லாருக்கு. கொஞ்சம் ஈரம்."

"கொஞ்சம்," என்றார் ராய்ஸ்.

இதுதான் அந்த நேரம். ஒரு வாரமாக வாய்க்குள் வைத்து உருட்டிக்கொண்டிருந்ததைச் சொல்லிவிட வேண்டியதுதான். "டென்சில், நீ இத்தனை நாள் பண்ணினதுக்கு எப்படி நன்றி சொல்றதுன்னு தெரியலப்பா. நானும் நடீனும் மறக்க மாட்டோம். இனிமே நான் பார்த்துக்கறேன். உனக்கும் உன் வேலை இருக்கும்."

சொல்லிவிட்டார். சொன்னதும் புல்தரை ஓடையிலிருந்து ரோடு வரை மொத்தமாக, வெட்டியதும் வெட்டாததுமாக அவருக்கே திரும்பி வந்தது. ஞாயிற்றுக்கிழமை தேவாலய வாசலும் அதோடு சேர்ந்து வந்தது. தொண்டை வரை சந்தோஷம்.

டென்சில் "ம்," என்றான். தொப்பியைக் கழற்றி நெற்றியைத் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டான். வண்டியில் ஏறி உட்கார்ந்தான். கிளப்பவில்லை. தக்காளிப் பாத்திரம் இன்னும் அவன் மடியில்தான் இருந்தது.

"உன்கிட்ட ஒண்ணு சொல்லணும், ராய்ஸு. சிரிக்கக்கூடாது."

"சிரிக்கல, சொல்லு."

"இந்த வண்டி எனக்குப் பெருசு."

ராய்ஸ் அந்த அறுபது அங்குலத் தட்டைப் பார்த்தார்.

"வாழ்நாள் பூரா பெரிய வண்டி ஓட்டியே பழகிட்டேனா, கடைக்குப் போனதும் பெருசு பக்கம்தான் கை போச்சு. என் புல்லு எவ்வளவுன்னு உனக்குத்தான் தெரியுமே, தபால் தலை மாதிரி. இஞ்சின் சூடாகறதுக்குள்ள வேலை முடிஞ்சுடும். மொத வருஷம் வெட்டின புல்லையே மறுநாளும் வெட்டிக்கிட்டு இருந்தேன்."

அது ராய்ஸுக்கு நினைவிருந்தது. புது வண்டியைக் காட்டிக்கொள்ளத்தான் இவன் வாரம் இரண்டு முறை வெட்டுகிறான் என்று நடீனிடம் சொன்னதும் நினைவிருந்தது.

"திருப்பிக் கொண்டுபோய் விடலாம்னா வெக்கமா இருந்துச்சு. அப்பதான் உனக்கு முழங்கால் ஆபரேஷன்னு கேள்விப்பட்டேன்." டென்சில் தக்காளி ஒன்றை எடுத்து உருட்டிப் பார்த்துவிட்டுத் திரும்ப வைத்தான். "தப்பா நினைக்காத. உனக்காக வருத்தப்பட்டேன், சத்தியமா. ஆனா கொஞ்சம் சந்தோஷமும் பட்டேன்."

"எவ்வளவு சந்தோஷம்?"

"நிறைய."

சிரிக்கக்கூடாது என்று டென்சில் சொல்லியிருந்ததால் ராய்ஸ் தன் சக்கரத்தைப் பார்த்தார். "அது சரி, ஏன் குறுக்கால வெட்டின?"

"குறுக்கால போனா நேரமாகும்ல," என்றான் டென்சில், இதில் கேட்க என்ன இருக்கிறது என்பதுபோல. "நேரா போனா பதினோரு மணிக்கே முடிஞ்சுடும். அப்புறம் வீட்டுக்குப் போய் என்ன பண்றது? குறுக்கால வெட்டினா சாப்பாட்டு நேரம் வரைக்கும் இழுக்கலாம். உனக்குப் பிடிக்கலன்னு தெரியும். ஜன்னல்ல உன் மூஞ்சியைப் பார்த்தேனே. ஒவ்வொரு வாரமும் அடுத்த வாரம் நேரா வெட்டிடணும்னுதான் நினைப்பேன்."

வாசலில் நடீன் கோப்பையோடு அசையாமல் நின்றாள். அவளுக்கு அங்கிருந்து எதுவும் கேட்காது. இருந்தாலும் கேட்பவள் மாதிரிதான் நின்றாள்.

டென்சில் கழுத்தைத் திருப்பி வீட்டுக்குப் பின்னால் பார்த்தான். அங்கே வால்நட் மரங்களுக்கு அப்பால் நிலம் மெல்லச் சரிந்து, வெயிலில் மினுங்கும் ஓடை வரை போனது. அந்தப் பக்கம் இன்னும் யாரும் வெட்டவில்லை. புல் கணுக்கால் உயரத்துக்குக் காற்றில் படுத்துப் படுத்து எழுந்துகொண்டிருந்தது. பிறகு ராய்ஸ் பக்கம் திரும்பி, இரண்டு லீவர்களையும் கையில் பிடித்துக்கொண்டான், முட்டையைப் பிடிப்பதுபோல.

"முன்பக்கம் உன்னோடதுதான், அதுல நான் வாயே திறக்கல. கதவுக்கு உள்பக்கமும் உன்னோடது. அந்த மரத்துக்கு அந்தாண்ட, ஓடை வரைக்கும் இருக்கறது மட்டும்... நேராவே வெட்றேன் ராய்ஸு, ஒரு கோடு குறுக்கால போகாது. அதை மட்டும் வியாழக்கிழமை எனக்கு விடுறியா?"